கழுத்துக்குள் மறைத்த கம்பி

என் பட்டறையில் புதிதாகச் சேருகிற நீங்கள் எல்லோரும் முதல் மாதத்துக்குள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். துணிந்தவர்கள் நேரே கேட்பீர்கள், மற்றவர்கள் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்பீர்கள். நான் செய்த பேஸ் கிற்றார்கள் எல்லாவற்றிலும் தலைக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மூடி இருக்கிறது. இரண்டு திருகாணி போட்டு, எவர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். உறைக்குள் ஒரு குட்டித் திருகாணி முறுக்கியும் இருக்கும். இவ்வளவு வேலை தெரிந்த மனிதன் ஏன் அந்த இடத்தை மட்டும் இப்படி அசிங்கமாக விட்டான் என்பதுதான் உங்கள் கேள்வி.

போன கிழமை உங்களில் ஒருவர், மூடி இருப்பதே தெரியாதபடி அதை எப்படிப் பொருத்தலாம் என்று படம் கீறிக்கொண்டு வந்து காட்டினார். நல்ல மூளை. நான் படத்தைப் பார்த்ததும் ஏசிவிட்டேன். ஏசியது என் பிழை. காரணம் சொல்லாமல் ஏசுவது எனக்குப் பழகிப்போன ஒரு கெட்ட குணம், இனி மாறாது. ஓய்வெடுத்து வீட்டில் இருக்கிறேன், நேரம் நிறையக் கிடக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சண்டைக் காலம். டவுனில் வாவிக்கரைப் பக்கமாக என் கடை இருந்தது. பாதிநாள் கதிரை, மேசை, கட்டில். மீதிநாள் தேவாலயங்களிலிருந்து வரும் ஆர்மோனியங்கள், நரம்பறுந்த வயலின்கள், கழுத்து முறிந்த கிற்றார்கள். தச்சு வேலையில் வளர்ந்த கை என்னுடையது. ஆணித்தலை வெளியே தெரிந்தால் அந்தக் கதிரையைக் கடையில் வைக்க மாட்டேன். மூட்டு எங்கே என்று வாங்க வந்தவர் தடவித் தேட வேண்டும், தேடியும் கிடைக்கக் கூடாது. அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

பக்கத்துக் கடை ரேடியோ திருத்துகிறவருடையது. என் வயதுக்காரர், என்னை மச்சான் என்பார். தொழிலில் யாரையாவது குரு என்று சொல்ல வேண்டுமானால் நான் அவரைத்தான் சொல்வேன், ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் திருத்திக் கொடுக்கும் ஒவ்வொரு ரேடியோவின் முதுகிலும் றப்பர் வளையம் போட்டு ஒரு சின்னத் திருகாணி முறுக்கியைக் கட்டி அனுப்புவார். ரோட்டை மறித்துச் சோதிக்கிற சென்றியில் ஆமிக்காரன் கழற்றிக் காட்டச் சொன்னால் கழற்றிக் காட்ட வேண்டும், அதற்காக. "திறக்க ஏலாத சாமானை இந்த ஊரில ஆரும் காவப்படாது மச்சான்" என்பார். நான் சிரிப்பேன். ரேடியோவுக்கு முதுகில் வால் முளைத்திருக்கிறது என்று கேலி செய்வேன்.

அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, பெரியகல்லாற்றிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். கணக்குப் படிப்பிப்பவர், முப்பது வயது இருக்கும், குட்டையான ஆள். ஊர் மெதடிஸ்த தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். கொப்பியிலிருந்து கிழித்த கட்டத்தாளை மேசையில் விரித்தார். அதில் அவருடைய இடது கையைப் பென்சிலால் சுற்றி வரைந்து, விரலுக்கு விரல் எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தது.

"எனக்கு ஒரு பேஸ் கிற்றார் செய்யணும் அண்ணன்."

"ஆருக்கு டீச்சர்?"

"எனக்குத்தான். கொழும்புல இருந்து வாற சாமான் என்ட கைக்கு எட்டுதில்ல. அதுக்காக என்ட கைய நீட்ட ஏலுமா? கழுத்தச் சின்னனாக்கித் தாங்க."

ஏன் பேஸ் என்று கேட்டேன். பாட்டுக்காரர் எல்லோரும் மேல் சுரத்தில்தான் நிற்கிறார்கள், கீழ்ச் சுரத்தில் நின்று தாங்க ஒருவரும் இல்லை, அதனால் பாட்டு ஆடுகிறது என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்க, நான் வேற ஆளப் பாக்கிறன்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அதுவரை நான் ஒரு பேஸ் கிற்றார்கூடச் செய்ததில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்று நான் அடித்த பேச்சைக் கேளுங்கள். வெளிநாட்டுக் கிற்றார்களின் கழுத்துக்குள் இரும்புக் கம்பி வைக்கிறார்கள் டீச்சர், ஏனென்றால் அவர்களுடைய மரம் பஞ்சு. நம்முடைய முதிரை மரத்துக்கு இரும்பு தேவையில்லை. கழுத்து முதிரை, உடல் பலா, விரல் வைக்கிற பலகை கருங்காலி. முழுக்க மரம். டீச்சர் தலையாட்டி, கட்டத்தாளின் ஓரத்தில் 'முழுக்க மரம்' என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். வழி நெடுகச் சென்றி. பஸ்ஸில் ஏறி இறங்கி, வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டி, பத்து மணிக்கு என் கடைக்கு வருவார். கழுத்தைக் கையில் பிடித்துப் பார்ப்பார். "இன்னும் ஒரு நூல் தடிப்பு" என்பார். அளந்து பார்த்தால் ஒரு நூல் தடிப்பாகத்தான் இருக்கும். இந்தப் பெண்ணை ஏமாற்ற முடியாது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கழுத்து முடிந்தது. நரம்பு நாலையும் போட்டு இழுத்துக் கட்டித் தொங்கவிட்டேன். வறண்ட கச்சான் காற்று தொடங்கியது. மாரியில் நனைந்து கிடந்த ஊர் ஒரே கிழமையில் காய்ந்து மொறுமொறுத்தது. என் முதிரையும் காய்ந்தது. ஒரு காலை பார்க்கிறேன், கழுத்து முன்பக்கம் வளைந்து, நரம்புக்கும் பலகைக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகிறது. நாலு தடித்த நரம்பு இழுக்கிற இழுவைக்கு முதிரையும் வளையும் என்பதை அன்றுதான் படித்தேன்.

வளைந்தது என்று டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. சரி அண்ணன், கம்பி வைங்க என்றிருப்பார். ஆனால் நான் முதிரையைப் பற்றி அடித்த பேச்சு என் வாயை அடைத்துவிட்டது. பழைய றொட் பிரேக் சைக்கிள் ஒன்றின் பிரேக் கம்பியை எடுத்து, இரண்டு முனையிலும் திருகு மாட்டும்படி மரை வெட்டினேன். புதுக் கழுத்து செதுக்கி, நடுவே வாய்க்கால் தோண்டிக் கம்பியை இறக்கி முறுக்கினேன். முனைகளை முதிரைக் கட்டையால் அடைத்தேன். மேலே கருங்காலிப் பலகையை வச்சிரம் போட்டு ஒட்டினேன். வச்சிரம் என்றால் தோலைக் காய்ச்சி எடுக்கிற பழைய தச்சுப் பசை, இப்போது நீங்கள் யாரும் தொடுவதில்லை. ஒட்டி முடித்து இழைத்த பிறகு, கம்பி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்படி ஒரு சுத்தம்.

ரேடியோக்காரர் வந்து பார்த்தார். நரம்பின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருளை அவர்தான் சுற்றிக் கொடுத்திருந்தார். கம்பி வைத்ததும் அவருக்குத் தெரியும்.

"முனைய ஏன் அடைச்ச? ஒரு மூடியப் போடன்."

"வடிவு கெட்டிரும்."

"டீச்சருக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லுவம், சொல்லுவம்."

அவர் ஒரு திருகாணி முறுக்கியை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிற்றாரைக் கொடுத்தேன். டீச்சர் கழுத்தைப் பிடித்தார், விரல்கள் பலகையில் சுரத்துக்குச் சுரம் பதித்த கட்டைகளில் கடைசி வரை போய் வந்தன. அவர் முகத்தில் சந்தோசம் தெரிந்தது. "வளையாதே அண்ணன்?" என்றார். "முழுக்க மரம் டீச்சர், பயப்படாமக் கொண்டு போங்க" என்றேன். நாக்குப் பழக்கத்தில் வந்தது. சொல்லி முடித்த பிறகும் திருத்த நேரம் இருந்தது. அவர் பஸ் ஏறும் வரை நேரம் இருந்தது.

மூன்றரை மணி இருக்கும். தெற்கே போய்த் திரும்பிய பஸ்ஸின் கண்டக்டர் கடைக்குள் ஓடி வந்தார்.

"அண்ணே, உங்கட கடையில கிற்றார் எடுத்த டீச்சர ஆமி இறக்கிப் போட்டான். இரும்பு தேடுற கருவிய வெச்சுப் பாத்தா கிற்றார்ட கழுத்துக்குள்ள கத்துது. இரும்பு இருக்கா எண்டு மூணு தரம் கேட்டான். மூணு தரமும் இல்லயெண்டு அடிச்சுச் சொல்லிட்டா. பொய் சொல்லுறா எண்டு இருத்தி வெச்சிருக்கான்."

ஆறு மணிக்கு ரோட்டை மூடுவார்கள். அதற்குள் விடுபடாதவர்களை டவுனிலிருந்த பெரிய முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். பெரிய முகாமுக்குப் போனவர்களின் தாய்மார் வாசலில் கிடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே போனால் எப்போது வருவார், எப்படி வருவார் என்று யாரும் சொல்ல முடியாது. பிடிபட்டவருக்காகப் பேசப் போனவர்கள் சேர்ந்து உள்ளே போன கதைகளும் ஊரில் இருந்தன.

உளிப்பெட்டியைத் தூக்கினேன். ரேடியோக்காரர் வந்து கையைப் பிடித்தார்.

"உளியோட சென்றிக்குப் போறியா? உன்னையும் சேத்து ஏத்துவான்."

"அப்ப என்னத்தக் கொண்டு திறக்கிற?"

"அத யோசி. ஆனா உளி வேணாம்."

அவர் சொன்னது சரி. பெட்டியை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். பதறும்போது கை தன் பழகிய சாமானைத்தான் தேடும். அந்த ஒரு நிமிடம் நிற்காமல் போயிருந்தால் இன்று இந்தக் கதை சொல்ல நான் இருப்பேனா தெரியாது. வச்சிரம் சூட்டுக்கு விடும். ஈரச்சூடு பட்டால் இன்னும் சுகமாக விடும். எனக்குத் தேவை சூடும், மெல்லிய தகடு ஒன்றும். வீடு கடைக்குப் பின்னால்தான். மனைவியிடம் பாணுக்குப் பட்டர் பூசும் மொட்டைக் கத்தியை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதே கண்டக்டரோடு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில், திறக்காமலே தப்பலாம் என்று ஒரு பொய்யைத் தயாரித்தேன். அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். காந்தச் சுருளின் இழுவைதான் கழுத்து வரை பாய்ந்து கருவியைக் கத்த வைக்கிறது, கழுத்தில் இரும்பு இல்லை என்று சொல்லிவிடலாம். டீச்சரின் வார்த்தையும் நிற்கும், என் மானமும் நிற்கும். இறங்கும்போது அந்தப் பொய் எனக்கு மனப்பாடம்.

சென்றியில் மேசை மேல் கிற்றார் கிடந்தது. நரம்புகளைக் கழற்றித் தனியே வைத்திருந்தார்கள். காந்தச் சுருளும் தனியே கிடந்தது. வெறும் கழுத்தின் மேல் ஒரு சிப்பாய் கருவியை ஓட்டினான், அது கத்தியது. என் பொய்க்கு இனி நிற்க இடமில்லை. மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு சிப்பாய் விறகு கொத்துகிற கோடாரியோடு தயாராக நின்றான். டீச்சர் ஒரு வாங்குப் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைக் கண்டதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அண்ணன், உள்ளுக்க இரும்பு இருக்கா?"

அதிகாரி இளம் வயது. அவரும் என்னைப் பார்த்து அதையே சிங்களத்தில் கேட்டார். பொலன்னறுவைப் பக்கம் மர ஆலையில் வேலை செய்த காலத்துச் சிங்களம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. எனக்கும் தெரியாது, கம்பி வைத்தது வேறு ஆள் என்று நழுவ அப்போதும் ஒரு வழி தெரிந்தது. டீச்சரின் முகத்தைப் பார்த்தேன். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொல்லிய மனுசி. என்னை நம்பி மூன்று தரம் சத்தியம் பண்ணி, சிப்பாயின் துவக்குக்கு முன்னால் பொய்க்காரியாக உட்கார்ந்திருந்தார்.

முதலில் தமிழில் டீச்சரிடம் சொன்னேன். "ஓம் டீச்சர். இருக்கு. நான்தான் வெச்சன். உங்கள்ட்டச் சொல்லல்ல." பிறகு அதையே சிங்களத்தில் அதிகாரியிடம் சொன்னேன். இவருக்கு ஒன்றும் தெரியாது, பிடிப்பதானால் என்னைப் பிடியுங்கள் என்றேன்.

"ஏன் மறைத்தாய்?" என்றார் அதிகாரி.

அழகுக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பாதிப் பொய்தான். "வெட்கத்தில்" என்றேன். "என் மரம் வளையாது என்று இவரிடம் பெரிதாகப் பேசினேன். வளைந்தது. அதை மறைக்கத்தான் கம்பியை மறைத்தேன்."

இந்த நாட்டில் இரும்பை மறைப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்குமென்று அவர் நினைத்திருக்க மாட்டார். நம்பினாரா என்றும் தெரியவில்லை. கோடாரிக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார்.

"கொத்தினால் கம்பி தெரியும், கிற்றார் போய்விடும்" என்றேன். "ஸ்திரிக்கைப் பெட்டி ஒன்றும் ஈரத்துணியும் தாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன். திறக்க முடியாவிட்டால் கொத்துங்கள்."

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். முகாமுக்கு ஏற்றுகிற வண்டி ஐந்தரைக்கு வரும், அதுவரைதான் என்றார். சட்டை மினுக்குகிற சிரட்டைக்கரிப் பெட்டி ஒன்று வந்தது. ஈரத்துணியைக் கருங்காலி மேல் விரித்துப் பெட்டியை வைத்தேன். புகையும் ஆவியும் எழும்பின, வச்சிரத்தின் தோல் நாற்றம் வந்தது, சிப்பாய்கள் மூக்கைப் பொத்தினார்கள். பட்டர்க் கத்தியை ஓரத்தில் நுழைத்தேன். சும்மா இறங்கியது. துவக்குகள் பின்னால் இருக்கின்றன என்பதை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், ஒரு கணமும் மறக்கவில்லை. ஆனால் கை நடுங்கவில்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லாததால்தான் நடுங்கவில்லை என்று பிறகு யோசித்துக்கொண்டேன்.

பாதிவழியில் அவசரப்பட்டேன். சூடு ஏறுவதற்கு முன் கத்தியை நெம்பிவிட்டேன். ஏழாம் கட்டையில் கருங்காலி 'டக்' என்று வெடித்தது. நான் நிறுத்தி டீச்சரைப் பார்த்தேன்.

"பாக்காதீங்க. மறுகா ஒட்டலாம். திறவுங்க" என்றார்.

ஐந்தேகாலுக்குப் பலகை கழன்று வந்தது. வாய்க்காலுக்குள் கம்பி படுத்திருந்தது. அதிகாரி திருகைக் கழற்றச் சொல்லி, கம்பியை எடுத்து, உள்ளே எதையும் அடைத்த குழாயா என்று கண்ணுக்கு முன் பிடித்துப் பார்த்தார். குழாய் இல்லை. கோடாரியோடு நின்ற சிப்பாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான்.

"சேர், இது சைக்கிள் பிரேக் கம்பி. எங்கள் அப்பாவின் சைக்கிளிலும் இதே கம்பிதான்."

அதிகாரி சிரிக்கவில்லை. எங்கள் இருவர் பெயரையும் பதிந்தார். பிறகு என்னிடம், "இந்த அம்மா பொய் சொல்லவில்லை. நீ பொய் சொல்ல வைத்தாய்" என்றார். எதிராளி சொன்னாலும் உண்மை உண்மைதான். எங்களைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

பெரியகல்லாறு வரும் வரை கழன்ற பலகையும் கம்பியும் டீச்சர் மடியில் இருந்தன. ரோட்டை மூடுகிற நேரமானதால் அன்று அங்கே என் சொந்தக்காரர் வீட்டில் தங்கினேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டீச்சர் கிற்றாரை என் கையில் தந்தார்.

"கொண்டு போய்ச் செய்ங்க. இதே பலகை, இதே கம்பி. ஆனா கம்பி முனை வெளிய தெரியணும். நான் திறந்து, கழற்றி, எடுத்துக் காட்டக்கூடிய மாதிரி வேணும். வடிவு எனக்கு வேணாம்."

"வெடிச்ச பலகைக்குப் புதுசு போடுறன் டீச்சர்."

"வேணாம். அது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்."

அப்படிப் பிறந்ததுதான் நீங்கள் அசிங்கம் என்கிற அந்த மூடி. அதைத் திறந்து திருகைக் கழற்றினால் கம்பி முழுவதும் வெளியே வரும். லாச்சிக்குள் கிடந்த திருகாணி முறுக்கியைத் தேடி எடுத்து உறைக்குள் வைத்தேன். ரேடியோக்காரர் அதைப் பார்த்தார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன், செய்யவில்லை. அது எனக்கு இன்னும் சுட்டது.

அடுத்த மாதம் டீச்சர் வந்தபோது கிற்றாரைக் கையில் எடுக்கவில்லை. முதலில் என்னை நிற்க வைத்துக் கேட்டார். "உள்ளுக்க என்னென்ன இருக்கு, சொல்லுங்க." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னேன். முதிரை, பலா, கருங்காலி, வச்சிரம், ஒரு பிரேக் கம்பி, இரண்டு திருகு, செம்புச் சுருள், காந்தம். "வேற?" "வேற ஒண்டும் இல்ல டீச்சர்." அதற்குப் பிறகுதான் எடுத்தார். அன்றிலிருந்து எந்த வாத்தியத்தைக் கொடுத்தாலும் வாங்க வந்தவரிடம் நானே இப்படி ஒப்புவித்துவிட்டுத்தான் கொடுத்தேன். பட்டறையில் நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

இந்த முறை டீச்சரைத் தனியே அனுப்பவில்லை, கூடப் போனேன். அதே சென்றி. கோடாரியோடு நின்ற அதே சிப்பாய், இன்று கருவியோடு நின்றான். அவன் கருவியை எடுக்கும் முன்னரே டீச்சர் உறையைத் திறந்து, முறுக்கியை எடுத்து, மூடியின் இரண்டு திருகாணிகளையும் கழற்றினார். கம்பி முனையில் விரலை வைத்து, "யகட" என்றார். சிங்களத்தில் இரும்பு. அந்த ஒரு சொல்லை யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி வந்திருந்தார்.

சிப்பாய் குனிந்து பார்த்தான். கருவியைத் தூக்கவே இல்லை. போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

பஸ் நகர்ந்த பிறகு டீச்சர் மூடியைத் திரும்பப் பூட்டினார். அவசரமில்லாமல் ஒவ்வொரு திருகாணியாக முறுக்கினார். முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"இண்டைக்கு நான் சொன்னது உண்மை அண்ணன்."

சென்றிகள் எல்லாம் இப்போது இல்லை, இனி ஏன் அந்த மூடி என்று கேட்பீர்கள். போன கிழமை கீறிய படத்தைத் திருப்பித் தருகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். மூடி இருந்த இடத்திலேயே இருக்கும்.